மறதிக்கு முன்பே காதைப் பாருங்கள்

சென்னையில் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் பல வீடுகளில் ஒரே கதைதான். டிவி சத்தம் வாசல்வரை கேட்கும். நாலு பேர் கூடிப் பேசினால் பெரியவர் மெல்ல எழுந்து உள்ளே போய்விடுவார். "வயசாச்சு, காது மந்தம்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். சில வருடம் கழித்து அவர் லஸ் கார்னரில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கும்போதுதான் டாக்டர் நினைவு வருகிறது. அதுவரை வல்லாரை மாத்திரையே வைத்தியம்.

டிமென்ஷியா எனும் மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைக் கட்டுக்குள் வைத்தால், உலக அளவில் அந்த நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது 2024-இல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மது, தனிமை, உடலுழைப்பு இல்லாமை எல்லாம் அதில் உண்டு. முன்வரிசையில் நிற்பவை, நடுவயதில் கவனிக்காமல் விட்ட காது மந்தமும் கெட்ட கொழுப்பும்.

ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும். பிரஷர் நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

காதுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ஆடியோகிராம் எனும் கேட்கும் திறன் சோதனை எடுத்து, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காதுக் கருவிக்கு எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். வசதி குறைந்த, 60 வயது கடந்தவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் கருவி இலவசம். முகாம் எப்போது என்பதை 14567 முதியோர் உதவி எண்ணில் கேளுங்கள். வாங்கிய கருவியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் போட்டால்தான் பழகும்.

மறதி தொடங்கிவிட்டதா? கிண்டி தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஆதார், பழைய ரிப்போர்ட்டுகள், தூக்க மாத்திரை உட்பட சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், கூடவே வசிக்கும் ஒருவர் — நான்கும் அவசியம். பி12, தைராய்டு பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். சைவம் மட்டுமே சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். அதனால் வரும் மறதி, சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் சரியாகும்.

உடலுழைப்புக்காக நடக்கச் சொல்கிறோம். ஆனால் நாகேஸ்வரராவ் பூங்கா வரைக்கும் போக நடைபாதை எங்கே? ஒரு பக்கம் மின்பெட்டி, மறுபக்கம் பைக். தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் அதுவும் டிமென்ஷியாவுக்கு ஒரு காரணம். மாநகராட்சி இதைச் சின்ன விஷயமாக நினைப்பது பொறுக்க முடியாதது. 1913-க்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகும்வரை அந்த எண்ணைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: வழி தவறும்வரை காத்திருக்காதீர்கள். டிவி சத்தம் கூடும்போதே ஆடியோகிராம் எடுங்கள்.