வேலையைப் பார்த்த பின் படிப்பு

ஒரு பசுமாடு வாங்குவதென்றால் நம்மவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், எத்தனை படி கறக்கும் என்று அண்டை அயலில் விசாரிப்பார்கள். பெண் கொடுப்பதென்றால் சொல்லவே வேண்டாம். மூன்று தலைமுறைச் சரித்திரமும் வெளிவந்துவிடும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறி, மேலே எந்தப் பாடப் பிரிவில் சேர்வதென்று நிற்கும்போது மட்டும், "எதிர்வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான்?" என்ற ஒரே கேள்வியுடன் காரியம் முடிந்துவிடுகிறது. நாற்பது வருஷ ஜீவனத்திற்கு இவ்வளவுதான் விசாரணை!

குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்கள் 1949-ஆம் ஆண்டில் நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியை வாசகர்கள் அறிவார்கள். அப்துல் கலாம் திருச்சியில் பௌதிகம் படித்து 1954-இல் தேறிய பிறகே, தமக்கு உகந்தது பொறியியல் என்று உணர்ந்து இங்கு வந்தார். சேர்வதற்குச் சுமார் 1,000 ரூபாய் வேண்டியிருந்தது. தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். கல்லூரி வளாகத்தில் பழைய விமானங்கள் இரண்டு நின்றன. மற்ற மாணவர்கள் சென்ற பின்னும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். முதல் வருஷம் முடிந்ததும் அவர் தேர்ந்தெடுத்தது விமானப் பொறியியலே. கண்ணால் கண்டது வழி காட்டியது. ஆனால் அதைக் காண்பதற்குள் ஒரு பட்டப் படிப்பே முடிந்துவிட்டது.

இராமேசுவரத்துப் பிள்ளைக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது. குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்துப் பிள்ளைகளுக்கோ சிட்கோ தொழிற்பேட்டை வாசலிலேயே இருக்கிறது. மோட்டார் உறுப்புகள் செய்யும் பட்டறைகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறார்கள். உள்ளே நடப்பது என்னவென்று கேட்டால் "கம்பெனி, ஸார்" என்பதற்கு மேல் விடை இல்லை.

ஆகவே சிலரை அனுமதி பெற்று அழைத்துச் சென்றோம். (பார்ப்பதற்குத்தான், விடுமுறையில் கூலிக்கு அனுப்பும் யோசனை யாருக்கேனும் இருந்தால் அதை உடனே விட்டுவிட வேண்டும்.) என்ன கேட்க வேண்டுமென்று முன்னதாகவே எழுதிக்கொள்ளச் சொன்னோம். நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யும் வேலையா? காதுக்கும் விரலுக்கும் என்ன பாதுகாப்பு? ஐந்து வருஷம் கழித்துச் சம்பளம் என்ன? பள்ளியில் படித்த எந்தப் பாடம் இங்கே உதவுகிறது? கடைசிக் கேள்விக்கு, அச்சுக் கடையும் தொழிலாளி ஒருவர் தம் வரைபடத்தை விரித்து, கோணத்தைக் கணக்கிடக் குறித்திருந்த ஸைன், காஸைன்களைக் காட்டினார். கணிதத்தைக் கண்டாலே ஓடும் பையன்கள் இருவர் அதை உற்றுப் பார்த்தார்கள். நாம் ஆறு மாதம் கரும்பலகையில் சொன்னது செய்யாததை அந்தத் தாள் செய்தது!

விவரம் சொல்ல இன்று வழிகள் இல்லாமலில்லை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் வருஷத்தில் நேரே சேரலாம். 1961-ஆம் வருஷச் சட்டப்படி உதவித்தொகையுடன் தொழில் பழகலாம். இவை பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும், பட்டறை என்றால் கௌரவக் குறைவு என்று எண்ணுகிறார்கள்.

அன்று வந்தவர்களில் நுணுக்கமான கேள்விகள் கேட்டவள் ஒரு சிறுமி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை எப்படி அளப்பது என்று கேட்டு, மைக்ரோமீட்டரைத் தானே பிடித்து அளந்து பார்த்தாள். பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்கிறாள். "பெண்ணுக்கு எதற்கு இரும்பு வேலை?" என்கிறார் தகப்பனார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம்; அவரையும் ஒரு நாள் அந்தப் பட்டறைக்கு அழைப்பதாக உத்தேசம்.