ராயபுரம் ரயில் நிலையமும் நம் வணிகமும்

சென்னை கடற்கரை ஸ்டேஷனை விட்டு வடக்கே புறப்படும் மின்சார ரயில் முதலில் நிற்கும் இடம் ராயபுரம். திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் போகிறவர்களும் எண்ணூர், கும்மிடிப்பூண்டி பக்கம் போகிறவர்களும் இதைக் கடந்துதான் போக வேண்டும். இறங்குகிறவர்கள் அதிகமில்லாத இந்தச் சிறிய நிலையத்தில்தான் தென்னிந்தியாவின் ரயில் போக்குவரத்து தொடங்கியது. வணிகர்களாகிய நாம் இதன் வரலாற்றை அறிந்துகொள்வது அவசியம்.

சரக்குக்காக வந்த பாதை

பம்பாய் - தாணா பாதை 1853-லும், ஹௌரா - ஹூக்ளி பாதை 1854-லும் திறக்கப்பட்டன. மூன்றாவதாக வந்தது நம் பாதை. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1853-ல் வேலையைத் தொடங்கி, ராயபுரத்திலிருந்து அன்று ஆற்காடு என்று அழைக்கப்பட்ட வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டது. கவர்னர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28-ல் தொடங்கிவைக்க, ஜூலை 1 முதல் ரயில்கள் ஓடின. பம்பாய், ஹௌரா இரண்டிலும் ஆரம்ப நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. பெரிய தூண்களோடு கூடிய ராயபுரம் கட்டடம் மட்டும் நிற்கிறது. 2005-ல் அது செப்பனிடப்பட்டது.

கம்பெனிக்காரர்கள் ராயபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கடலும் சந்தையும். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகளில் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுக வேலை 1870-களில்தான் தொடங்கியது. கரைக்கு அருகிலும், பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற வியாபாரப் பகுதிக்குப் பக்கத்திலும் ஸ்டேஷன் அமைந்ததால், மாட்டு வண்டியில் பல நாள் போன சரக்கு ஒரே நாளில் ஆற்காட்டுச் சீமையைத் தொட்டது. 1862-ல் பாதை மேற்குக் கடற்கரையை எட்டியது. 1871-ல் ராய்ச்சூர் வழியாக பம்பாயுடன் இணைப்பு கிடைத்தது.

1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. பயணிகள் ரயில்கள் படிப்படியாக அங்கே போக, ராயபுரம் பின்னுக்குச் சென்றது.

ஒரு மூட்டைக்கும் ரசீது

பழைய வியாபாரிகளுக்கு ‘ஆர்.ஆர்.’ என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரு வேகன் நிறையாவிட்டாலும் பரவாயில்லை. பத்து மூட்டையைக்கூட கூட்ஸ் ஷெட்டில் புக் செய்து ரயில்வே ரசீது பெறலாம். அனுப்பியவர் ரசீதைப் பாங்கு மூலம் அனுப்புவார். வாங்குகிறவர் பாங்கில் பணம் கட்டி ரசீதை எடுத்து, சரக்கை விடுவிப்பார். காலம் தவறினால் வார்ஃபேஜ் கட்ட வேண்டும். முன்பின் தெரியாத ஊர்க்காரரோடும் நம்பி வியாபாரம் செய்ய இந்த ஒரு தாள் உதவியது.

1980-களில் இந்தச் சில்லறைச் சரக்கு புக்கிங்கை ரயில்வே படிப்படியாகக் கைவிட்டு, முழு ரயிலாக ஏற்றும் சரக்குக்கு முதலிடம் தந்தது. சிமெண்டும் நிலக்கரியும் ரயிலில் தங்கின. நம் மிளகாயும் பருப்பும் லாரிக்கு மாறின. லாரி கடை வாசலுக்கே வருகிறது என்பது உண்மை. ஆனால் டீசல் விலை ஏறும்போதெல்லாம் வாடகையும் ஏறுகிறது. சரக்கைப் பேரம் பேசி வாங்கியதில் கிடைத்த லாபத்தை வாடகை தின்றுவிடுகிறது.

இன்று கிடைக்கும் சேவை

சிறு வியாபாரிக்கு இந்தப் பாதை இன்றும் பயன்படுகிறது. புறநகர் ரயிலில் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. சுமையோடு வருகிறவர்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. காசிமேட்டில் மீன் வாங்கும் பெண்கள் கூடையோடு இதில்தான் ஏறுகிறார்கள். 1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. மளிகை மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனில் தங்கிவிட்டதால், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் கடைக்காரர் காலையில் வந்து கொள்முதல் செய்து திரும்ப இந்த ரயிலே வசதி.

சரக்குப் பக்கமும் ராயபுரம் அடியோடு ஓயவில்லை. இங்கிருந்து டெல்லி பட்டேல் நகருக்குத் தனிப் பார்சல் ரயில் ஓடியிருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ரயில்களில் இடம் பெரும்பாலும் மொத்தக் குத்தகைக்குத்தான் போகிறது. பெரிய நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. பத்து மூட்டைக்காரர் வெளியே நிற்கிறார்.

நாம் செய்ய வேண்டியது

இங்கேதான் சங்கத்திற்கு வேலை இருக்கிறது. ஒரு பெரிய பார்சல் வேன் சுமார் 23 டன் கொள்ளும். 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 460 மூட்டை. ஒரே கடைக்கு இது மலை. 23 கடைகள் சேர்ந்தால் ஆளுக்கு 20 மூட்டை. சீரகம், ராஜ்மா போன்ற வடநாட்டுச் சரக்கை எல்லோரும் வாங்கத்தான் செய்கிறோம். ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் வாங்கி, சங்கத்தின் பெயரில் வேன் எடுத்தால், குத்தகைக்காரருக்குக் கிடைக்கும் சலுகை நமக்கும் கிடைக்கும். இறக்கும் கூலி, கடை வரையிலான வண்டிச் சத்தம், சேதத்திற்குப் பொறுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பணத்தை முன்னதாகக் கட்டியவருக்கே இடம் என்ற விதி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு இரண்டு மாதம்கூட நிற்காது.

அடுத்து, ராயபுரத்தை முனையமாக்க வேண்டும் என்பது வட சென்னை மக்களின் நெடுநாள் கோரிக்கை. தாம்பரம் மூன்றாவது முனையமாகிவிட்டது. முனையம் வந்தால் பார்சல் ஆபீசும் வரும். ஆகவே இது பயணிகளின் கோரிக்கை மட்டுமல்ல, நம்முடையதும்தான். ஆனால் ‘எங்களுக்குப் பார்சல் வசதி வேண்டும்’ என்று மட்டும் மனு கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். மாதம் இத்தனை டன் ஏற்றுவோம், இறக்குவோம் என்று கணக்கோடு போனால் அதிகாரிகள் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

உறுப்பினர்கள் தங்கள் கடைக்கு மாதந்தோறும் வெளிமாநிலத்திலிருந்து வரும் சரக்கின் எடையையும், அதற்குக் கொடுக்கும் லாரி வாடகையையும் ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவர வேண்டுகிறேன். அந்தக் கணக்கு கையில் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.