இடைமுறிக்கும் ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் நாம் நடுவே புகுவதைக் குறிக்கும் ‘இன்டரப்ட்’ என்ற வினைச்சொல், ‘இடையில்’ என்று பொருள்படும் ‘இன்டர்’ என்ற முன்னொட்டும், ‘முறித்தல்’ என்று பொருள்படும் ‘ரும்பெரே’ என்ற வினையும் லத்தீன் மொழியில் கூடியதனால் பிறந்தது. எரிமலை வெடிப்பதைச் சொல்லும் ‘இரப்ட்’, லஞ்சத்தால் நெறி கெட்டவனைச் சொல்லும் ‘கரப்ட்’ ஆகியவை இதற்கு நெருங்கிய பந்துக்கள். முறிவே அக்குடும்பத்தின் குலத்தொழில் போலும்!

ஆயினும், நடந்துகொண்டிருக்கும் காரியம் நடுவே தடைப்பட்டு நிற்கிறது, தடை நீங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் கூடும் என்ற தொனி இச்சொல்லில் பெரும்பாலும் இருப்பதால், ‘நிறுத்துதல்’ என்று மட்டும் இதற்கு அர்த்தம் சொல்லிவிட முடியாது. சம்பாஷணை, பிரயாணம், படிப்பு, மின்சாரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சமவெளியில் பார்வைக்குக் குறுக்கே நிற்கும் ஒற்றைக் கோபுரம் காட்சியை ‘இன்டரப்ட்’ செய்கிறது என்று எழுதுவதும் அம்மொழியின் மரபே. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணையவிடாத யு.பி.எஸ். பெட்டியின் பெயரில் முதலெழுத்தாக நிற்பதும் இவ்வினையின் எதிர்மறை வடிவந்தான்.

நம்மவர்களில் பலர் இதற்கும் ‘டிஸ்டர்ப்’ என்பதற்கும் பேதம் பாராட்டுவதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கு அடுத்த அறையில் ரேடியோ அலறினால், அது அவனது அமைதியைக் குலைப்பதால் ‘டிஸ்டர்ப்’. அவன் தாயார் உள்ளே வந்து, “காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வாடா” என்று எழுப்பிவிட்டால், படிப்பே இடையில் அறுந்துவிடுவதால் ‘இன்டரப்ட்’.

அறுந்தது பிறகு ஒட்டாமலே போவதும் உண்டு. 1797-ஆம் ஆண்டில், கனவில் கண்ட கவிதையை எழுதிக்கொண்டிருந்தபோது போர்லாக் என்ற ஊரிலிருந்து அலுவல் நிமித்தம் ஒருவர் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைத்துக்கொண்டதாகவும், அவர் போன பின் மீதி வரிகள் நினைவுக்கு வரவில்லை என்றும், ‘குப்ளா கான்’ என்ற அக்கவிதை 1816-இல் அச்சானபோது அதன் முன்னுரையில் ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் தெரிவித்தார். அந்த மனிதர் கவிஞரே கற்பித்துக்கொண்ட சாக்கு என்று சந்தேகிப்போரும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் சிறிது உண்டு. கம்ப்யூட்டருக்கோ இந்தத் துர்ப்பாக்கியம் இல்லை. ஒரு விசையை அழுத்தியதும் ‘இன்டரப்ட்’ என்றே பெயர் பெற்ற சமிக்ஞை அதன் பிராசஸருக்குப் போக, அது செய்துகொண்டிருந்த வேலையின் இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, விசையைக் கவனித்து, பிறகு குறித்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

மனிதரிடையே இச்செயல் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதால், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவேண்டும் என்ற பொருள்பட ‘சாரி டு இன்டரப்ட்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆங்கிலேயர் வாய் திறப்பார்கள். பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் இதற்குச் சம்பிரதாயமே உண்டு: குறுக்கே கேட்க விரும்பும் அங்கத்தினர் எழுந்து, கனம் அங்கத்தினர் இடங்கொடுப்பாரா என்று வினவ, பேசுகிறவர் இசைந்து உட்கார்ந்தால் இவர் பேசலாம்; இசையாவிட்டால் எழுந்தவரே உட்கார்ந்துவிட வேண்டும்.