ஸ்கிரீனில் பளிச்... பிரின்ட்டில் காணோம்! டிராயிங் ஆபீஸ்களைப் படுத்தும் குட்டி ஃபைல்

கோவை கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் லேத் அருகே எண்ணெய்க் கறையோடு ஒரு டிராயிங் தாள் இருக்கும். பம்ப் கேசிங்கோ, டெக்ஸ்டைல் மெஷின் பார்ட்டோ, வேலை நடப்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான். மானிட்டரில் எவ்வளவு அழகாக வரைந்தார்கள் என்பது மெஷின் ஓட்டுபவருக்குத் தெரியாது. 'ஏனுங்க, இது பார்ட்டோட விளிம்புங்களா, அளவுக் கோடுங்களா?' என்று போன் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பிளாட் ஸ்டைல் ஃபைலை.

ஆட்டோகேட் 1982-ல் வந்தபோது பிளாட்டர்களில் நிஜப் பேனாக்கள் இருந்தன. சிவப்புக் கோட்டுக்கு மெல்லிய பேனா, பச்சைக்குத் தடித்த பேனா என்று சொல்லிவைப்பார்கள். பேனாக்கள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. இன்றும் சி.டி.பி. ஃபைலில் 255 நிறங்கள் உண்டு. ஒவ்வொரு நிறமும் பேப்பரில் எத்தனை மில்லிமீட்டர் தடிமனில், என்ன கறுப்பில் விழவேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஸ்கிரீனில் தெரியும் மஞ்சள் உண்மையில் மஞ்சளே இல்லை, அது ஒரு தடிமன்!

சிக்கல் இங்கேதான். டிராயிங்கில் இந்த ஃபைலின் பெயர் மட்டுமே இருக்கும். ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். டிராயிங்கை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிரின்ட் கடையில் அந்த சி.டி.பி. இருக்காது. மஞ்சள் கோடு மஞ்சளாகவே விழும், அதை ஜெராக்ஸ் எடுத்தால் காணாமலே போகும். இ-டிரான்ஸ்மிட் வசதியில் அனுப்பினால் ஃபைலும் சேர்ந்து போகும். அவசரத்துக்கு பி.டி.எஃப். போதும்.

இன்னொரு பொறி, 'ட்ரூ கலர்'. அழகுக்காக அதில் நிறம் கொடுத்த கோடு சி.டி.பி. பேச்சைக் கேட்காது. 'மோனோக்ரோம்' போட்டிருந்தாலும் தன் நிறத்திலேயே வரும். எல்லாம் கறுப்பாக இருக்க, ஒரே ஒரு கோடு மட்டும் சாம்பலாக வெளிறி நின்றால் அங்கே சந்தேகப்படுங்கள்.

சோதிப்பது சுலபம். ஆபீஸில் பயன்படுத்தும் நிறங்களில் ஒவ்வொரு கோடு போட்டு, பக்கத்தில் நிற எண்ணையும் எதிர்பார்க்கும் தடிமனையும் எழுதி ஒரு டெஸ்ட் டிராயிங் வைத்துக்கொள்ளுங்கள். சி.டி.பி.யைத் தொட்டால், பிரின்டரை மாற்றினால் அதை ஒரு முறை அடித்துப் பாருங்கள். பி.டி.எஃப்.பில் நிறுத்திவிடாதீர்கள், பேப்பரில் எடுத்து, அதை ஒரு ஜெராக்ஸும் எடுங்கள். பட்டறைக்குப் போவது பெரும்பாலும் ஜெராக்ஸ்தானே!

தடிமன்களையும் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்ற சர்வதேச வரிசையில் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சுமார் 1.4 மடங்கு. ஏ2 தாளை ஏ3 ஆகச் சுருக்கும்போது நீளமும் அதே கணக்கில்தான் குறையும். அதனால் 0.5 கோடு சுருங்கினால் கச்சிதமாக 0.35 ஆகிவிடும். யோசித்தவர் கெட்டிக்காரர்தான்.

ஆபீஸில் பத்துப் பேருக்கு ஒரே சி.டி.பி. என்றால் அதை சர்வரில் ஒரே இடத்தில் வைத்து, திருத்தும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது நல்லது. திருத்தினாலும் பழைய பெயரில் சேவ் செய்யாமல், தேதியோடு புதுப் பெயர் கொடுக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் விற்ற பம்புக்கு ஸ்பேர் கேட்டு ஆர்டர் வரும்போது, அந்த டிராயிங் பழைய பெயரைத்தான் தேடும்.