அம்மா தைத்த ஓரம்

ஹார்லெம் ஓவியர்கள் - 6

சென்ற வாரம் ஜேக்கப் லாரன்ஸைப் பார்த்தோம். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கே பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களின் கதையை 60 சிறு பலகைகளில் வரைந்தவர். அப்படி வந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வேரூன்றிய குடும்பம் ஒன்றில் 1930 அக்டோபர் 8 அன்று பிறந்தவர் ஃபெய்த் ரிங்கோல்ட்.

சிறுவயதில் அவருக்கு ஆஸ்துமா. பள்ளிக்குப் போக முடியாத நாட்கள் நிறைய. வீட்டில் கிடக்கும் குழந்தைக்கு அம்மா வில்லி போஸி கிரேயானும் காகிதமும் கொடுத்தார். கூடவே வெட்டுத்துணி, ஊசி, நூல். போஸி சாதாரணத் தையற்காரர் அல்லர். உடைகளைத் தாமே வடிவமைத்து, ஹார்லெமில் ஃபேஷன் ஷோக்கள் நடத்திப் பேர் வாங்கியவர். அப்பா நன்றாகக் கதை சொல்வார். பின்னாளில் ஃபெய்த் செய்த கலையின் இரண்டு பாதிகளும், துணியும் கதையும், இந்த வீட்டிலேயே இருந்தன. அவை கலை என்று கண்டுகொள்ள அவருக்கு நாற்பது வயது ஆனது.

காரணம், அவர் படித்த கலையில் துணிக்கு இடமே இல்லை. நியூயார்க் சிட்டி காலேஜில் ஓவியம் படிக்கப் போனபோது அந்தப் பிரிவில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். ஓவிய ஆசிரியர் பயிற்சி என்ற பக்கவாசல் வழியாக நுழைந்து 1955-ல் பட்டம் பெற்றார். 1973 வரை அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டே வரைந்தார். கல்லூரியில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது முழுக்க ஐரோப்பிய ஓவியம். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். முதல் திருமணம் முறிந்திருந்தது. பிள்ளைகளை வளர்ப்பதில் அம்மா தோள்கொடுத்தார்.

1967-ல் அவர் வரைந்த ‘டை’ (Die) 12 அடி அகலமுள்ள எண்ணெய் வண்ண ஓவியம். நல்ல உடை உடுத்திய கறுப்பர்களும் வெள்ளையர்களும் ரத்தம் தெறிக்க ஒருவரையொருவர் தாக்கிக்கொள்கிறார்கள். நடுவே ஒரு கறுப்பினச் சிறுமியும் ஒரு வெள்ளையினச் சிறுவனும் கட்டிப்பிடித்தபடி நடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். பிக்காஸோவின் ‘கெர்னிகா’வை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பார்த்து வளர்ந்தவரின் பதில் அது. அதே அருங்காட்சியகம் அந்த ஓவியத்தை வாங்க 2016 வரை காத்திருந்தது. அவர் காத்திருக்கவில்லை. 1970-ல் விட்னி அருங்காட்சியகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் பெண்களுக்கும் கறுப்பினப் பெண் கலைஞர்களுக்கும் இடம் கேட்டுப் போராடினார். போராட்டத்தில் பக்கத்தில் நின்றவர் பதினெட்டு வயது மகள் மிஷெல். பேட்டி சார், பார்பரா சேஸ்-ரிபூ என்ற இரண்டு கறுப்பினப் பெண்களின் படைப்புகள் அந்த ஆண்டு விட்னிக்குள் நுழைந்தன.

திருப்பம் 1972-ல் வந்தது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தங்கா ஓவியங்களைப் பார்த்தார். மரச்சட்டம் கிடையாது. படத்தைச் சுற்றி ஜரிகைத் துணியில் ஓரம். வேண்டாதபோது சுருட்டி வைத்துக்கொள்ளலாம். பெரிய பெரிய கேன்வாஸ்களை மாடியிலிருந்து இறக்க ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டியிருந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன? ஊர் திரும்பியதும் தம் ஓவியங்களுக்கு இதேபோல் துணி ஓரம் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார். போஸி தைத்துக் கொடுத்தார். மகள் செய்த முகமூடிகளுக்கும் பொம்மைகளுக்கும் உடையும் தைத்தார். அதுவரை மகளின் ஓவியத்துக்கு வெளியே இருந்த அம்மாவின் கை அன்று அதன் உள்ளே வந்தது.

அந்தக் கைக்கு நீண்ட பரம்பரை உண்டு. போஸியின் கொள்ளுப்பாட்டி சூசி ஷானன் அடிமையாக வாழ்ந்தவர். எஜமானர் வீட்டுக்குத் தையல் வேலை செய்தவர், கில்ட் போர்வைகளும் தைத்தவர். அவர் மகள் பெட்ஸி பிங்கம், மாவு மூட்டைச் சாக்குகளைக் கொதிக்க வைத்து, பளிச்சென்று வெளுத்து, போர்வைக்கு உள்துணியாகப் போடுவார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவர் பேத்தி போஸி. கில்ட் என்பது இதுதான்: மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, கீழே உள்துணி. மூன்று அடுக்கையும் ஊடுருவி ஓடும் தையல். அடிமைப்பட்டவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைத் தென்மாநிலங்கள் பலவும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. ஊசியை யாரும் தடுக்கவில்லை. ஏடு மறுக்கப்பட்ட குடும்பத்தில் நினைவு துணி வழியாகக் கைமாறி வந்தது.

1980-ல் அம்மாவும் மகளும் சேர்ந்து ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்’ என்ற முதல் கில்ட்டைச் செய்தார்கள். ஹார்லெம்வாசிகளின் 30 முகங்கள். மகள் வரைந்தார், அம்மா துணி தேர்ந்து சேர்த்துத் தைத்தார். அடுத்த ஆண்டு போஸி காலமானார்.

அதே காலத்தில் ஃபெய்த் தம் சுயசரிதையை எழுதி வைத்துக்கொண்டு பதிப்பாளர்களைத் தேடிக்கொண்டிருந்தார். யாரும் போடவில்லை. எழுத்தைத் துணியிலேயே ஏற்றினால் யார் தடுக்க முடியும்? அம்மா இல்லாமல் 1983-ல் அவர் செய்த முதல் கதைக் கில்ட் ‘ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஆன்ட் ஜெமைமா?’. மாவுப் பொட்டலத்து வணிகச் சின்னத்தில் தலையில் துணி கட்டிச் சிரிக்கும் வேலைக்காரியாகவே காட்டப்பட்ட ஜெமைமாவை, சொந்தமாகத் தொழில் நடத்தும் குடும்பத்தலைவியாக மாற்றி எழுதினார். கதை கட்டம் கட்டமாகப் போர்வையிலேயே இருக்கிறது. படத்தைப் பார்க்க வந்தவர் நின்று படித்துத்தான் ஆக வேண்டும்.

1988-ல் வந்தது ‘டார் பீச்’. ஹார்லெமில் கோடைக் காலத்து இரவு. தார் பூசிய மொட்டை மாடி. கொடியில் துணி காய்கிறது. மேசை நிறையச் சாப்பாடு. அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுத் தம்பதி இன்னொரு மேசையில் சீட்டாடுகிறார்கள். எட்டு வயது கேஸியும் தம்பியும் மெத்தையில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால், அதே கேஸி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் பறந்துகொண்டிருக்கிறாள். படத்தைச் சுற்றிலும் பூப்போட்ட துணிச் சதுரங்கள். ஓரத்துப் பட்டைகளில் கதை ஓடுகிறது. கேஸியின் அப்பா அந்தப் பாலத்தைக் கட்டிய தொழிலாளி. நிறத்தின் காரணமாகத் தொழிற்சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே மகள் பறந்து போய்ப் பாலத்தைத் தனதாக்கிக்கொள்கிறாள், சங்கக் கட்டடத்தை அப்பாவுக்குக் கொடுக்கிறாள். அடிமைகள் ஆப்பிரிக்காவுக்குப் பறந்து திரும்பினார்கள் என்று கறுப்பின மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த கதை இந்தச் சிறுமியின் சிறகில் இருக்கிறது. 1991-ல் இது குழந்தைகள் நூலாக வந்து கால்டெகாட் சிறப்பு விருது பெற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, எல்லோரும் திருப்பி அனுப்பிய அந்தச் சுயசரிதையும் அச்சேறியது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். குடும்பமும் தெருவும் ரிங்கோல்டுக்கு வரைவதற்குக் கிடைத்த விஷயங்களாக மட்டும் இருந்திருந்தால், அவர் நல்ல ஓவியர் என்பதோடு நின்றிருப்பார். அவர்களோடு சேர்ந்து வேலை செய்வதையே அவர் தம் கலையின் முறையாக்கிக்கொண்டார். ரைக்கர்ஸ் தீவுச் சிறையின் பெண்கள் பகுதிக்கு 1971-ல் சுவரோவியம் செய்தபோது, என்ன பார்க்க ஆசை என்று முதலில் கைதிகளைத்தான் கேட்டார். இங்கிருந்து வெளியே போகும் வழியைக் காட்டு என்றார் ஒருவர். ஆண்களே செய்துவந்த வேலைகளைப் பெண்கள் செய்வதாக வரைந்தார். பஸ் ஓட்டும் பெண், ஜனாதிபதியாகும் பெண். பிறகு பெண் கைதிகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1988-ல் அந்த ஓவியத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். பின்னர் அது சுரண்டி மீட்கப்பட்டு, இன்று ப்ரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2024 ஏப்ரலில் 93 வயதில் மறைந்தார் ரிங்கோல்ட். ஓவியம் உயர்ந்தது, தையல் வீட்டு வேலை என்று கோடு போட்டவர்களிடம் அவர் அனுமதி கேட்கவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே அம்மாவை உட்காரவைத்துத் தைத்தார். இன்று பெரிய அருங்காட்சியகங்கள் துணிக்கும் சுவரில் இடம் ஒதுக்குகின்றன என்றால், அதற்கான வாதத்தை முன்வைத்தவர்களில் ஒருவர் ஹார்லெமின் அந்தப் பள்ளி ஆசிரியை.

(அடுத்த வாரம்: ரொமேர் பியர்டன்)