ஈரலைச் சுடுவது யார்?

ஆலங்குளத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தது என்றால் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வது, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுங்கள், எண்ணெய்ப் பண்டம் கூடாது என்பதுதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஏன், தமிழ்நாடு முழுக்கவே இதே பேச்சுதான். சில வாரங்களில் மஞ்சள் வடிந்துவிடுகிறது; பச்சிலைக்குப் பேர் கிடைக்கிறது. மஞ்சள் வந்தால் நோய், போனால் குணம் என்ற இந்தக் கணக்கு, வைரஸால் வரும் ஈரல் நோய்க்குச் சரிவராது. அங்கே பெரும்பாலும் ஈரலைச் சுடுவது, வைரஸை விரட்டக் கிளம்பும் நம் நோய் எதிர்ப்பு மண்டலம்தான். மஞ்சள், சண்டை நடப்பதற்கு அடையாளம். சண்டையே நடக்காத உடம்பில்தான் ஆபத்து நெடுநாள் குடியிருக்கும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் ஈரல் செல்லுக்குள் புகுந்து ஏராளமாகப் பெருகும்போதும் அந்தச் செல்லைக் கொல்வதில்லை. தொற்றிப் பல வாரங்கள் ஆனாலும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. டி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள், தொற்றிய செல்களை இனங்கண்டு தாக்கத் தொடங்கிய பிறகே ஈரல் நொதிகள் ரத்தத்தில் ஏறுகின்றன, கண் மஞ்சளிக்கிறது. அமெரிக்காவில் பிரான்சிஸ் சிசாரியும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட சிம்பன்சி சோதனை இதைப் பளிச்சென்று காட்டியது. தொற்றிய விலங்கின் கொல்லும் டி செல்களை மருந்தால் நீக்கியபோது, அவை திரும்பி வரும்வரை ஈரல் நோயும் தலைகாட்டவில்லை, வைரஸும் ஒழியவில்லை. வயதும் இதற்குச் சாட்சி சொல்கிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில், தடுப்பூசி போடாவிட்டால், 100க்கு 90 பேர்வரை அதை நிரந்தரமாகச் சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சளே வருவதில்லை. வளர்ந்தவர்களில் பலருக்கு மஞ்சள் வருகிறது. ஆனால் 100க்கு 95 பேர் தாமாகவே வைரஸை விரட்டிவிடுகிறார்கள். குழந்தைப் பருவத்தில் தொற்றியவருக்கோ பத்து இருபது ஆண்டு கழித்து எதிர்ப்பு மண்டலம் அரைகுறையாக விழித்துக்கொள்ளலாம். வெல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் அது நடத்தும் தாக்குதலில் ஈரல் புண்பட்டு, தழும்பேறி, இறுகுகிறது. புற்றுநோய்க்கும் அது வழிவிடுகிறது.

கீழாநெல்லியைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்களே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் ப்ளம்பெர்க்கும் சேர்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் அந்த முடிவை வெளியிட்டார்கள். வைரஸைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. மலைக்க வைத்த முடிவு. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் பின்னர் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியம், ஊரில் கீழாநெல்லி குடிப்பவர் வேறு ஆள் என்பது. சோதனைக்கு எடுத்தவர்கள் நெடுநாள் சுமப்பவர்கள். ஊரில் குடிப்பவர் புதிதாக மஞ்சளித்தவர். அது தண்ணீரால் பரவும் ஏ வகையோ ஈ வகையோ என்றால் அநேகமாக எல்லோரும் தாமே தேறிவிடுவார்கள் (கர்ப்பிணிகள் விலக்கு, ஈ வகை அவர்கள் உயிரையே வாங்கக்கூடியது). எதிர்ப்பு மண்டலம் பட்ட பாட்டுக்கான கூலி பச்சிலைக்குப் போகிறது.

சுடுவது நம் படையென்றால் அதை அடக்கிவிடலாமே? அடக்கிப் பார்த்த அனுபவம் மருத்துவத்துக்கு உண்டு. ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளும் கீமோதெரபியும் எதிர்ப்பைத் தணிக்கும்போது, பதுங்கியிருந்த வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. எதிர்ப்பு மீண்டதும் ஒரேயடியாக ஈரலைத் தாக்க, உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் அச்சிகிச்சைகளுக்கு முன்பே ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உறுப்பு மாற்றிக்கொண்ட சிலரிடம், எதிர்ப்பு மிகவும் ஒடுங்கிய நிலையில், வைரஸே நேராக ஈரலைக் கெடுத்ததும் உண்டு. என் வாதத்துக்கு அது விலக்கு. சக்தியைக் கூட்டும் லேகியம் என்ற எதிர்த்திசை யோசனையும் உதவாது. இங்கே குறை பலத்தில் இல்லை. எதிரியை எதிரியென்று அறியாததில் இருக்கிறது.

பி வகைக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரையோ படையைத் தொடுவதில்லை. வைரஸ் பெருகுவதை நிறுத்துகிறது, தாக்க வேண்டிய தேவையும் குறைகிறது. சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் 12 வார மாத்திரையில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பி வகைக்கு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசி, வைரஸ் குடியேறுமுன்பே அதன் முகத்தை எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. 2011 டிசம்பரில் பெண்டாவேலன்ட் ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கிய இரு மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று; பி வகைக்கான தடுப்பு மருந்தும் அதில் அடக்கம். அதற்கு முன் பிறந்து இன்று வேலைக்குப் போய்வரும் தலைமுறையில் யார் வைரஸைச் சுமக்கிறார் என்பதைக் கண்ணின் வெள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது ஹெச்பிஎஸ்ஏஜி என்ற ரத்தப் பரிசோதனை. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது இலவசம்.