நின்றே கெடும் பிரேக்

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் ஓட்டுநர் இருக்கை முன் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. என்ஜின் பின்னால். ஓட்டுபவரின் முழங்காலுக்கு எதிரே ஒரு தகடு, ஒரு கண்ணாடி, அப்புறம் சாலைதான். 1967-இல் வந்த இதன் இரண்டாம் தலைமுறை வேனுக்குள் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் அடக்கி ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஓடும் வீடாக்கியது. குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறினால் எடை 2 டன்னைத் தொடும். இப்படிப்பட்ட வண்டியில் எல்லோருடைய உயிரும் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது. 1970 ஆகஸ்ட் முதல் அதன் முன் சக்கரங்களில் டிரம் போய் டிஸ்க் பிரேக் வந்தது.

ஐம்பது ஆண்டைக் கடந்த அந்த வேன்களை ஐரோப்பாவில் இன்றும் ஆசையாக வைத்திருக்கிறார்கள். கோடையில் சில வாரம் ஊர் சுற்றுகின்றன. மீதி மாதங்கள் கொட்டகையில் நிற்கின்றன. ஓடி ஓடித்தான் பிரேக் தேயும் என்று நினைப்போம். பேடும் டிஸ்க்கும் அப்படித்தான் தேய்கின்றன. ஆனால் அவற்றை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் பெரும்பாலும் ஓடாமல் நிற்பதால்தான் கெடுகிறது.

பிரேக் செய்யும் வேலையின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 2 டன் எடையுள்ள வேன் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறத்தாழ 4,90,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. வண்டி நிற்க வேண்டுமானால் இதில் பெரும்பங்கு வெப்பமாக மாறியாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம் அது. சில நொடிகளில், நான்கு சக்கரங்களில், அதுவும் பெரும்பகுதி முன் சக்கரங்களில் பிறக்கிறது. பிரேக் போட்டதும் எடை முன்பக்கம் சாய்வதுதான் காரணம். அதனால்தான் முன்னால் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் டிரம்மையே விட்டுவைத்தார்கள்.

இவ்வளவுக்கும் தூண்டுகோல் ஒரு மனிதப் பாதம். மூடிய இடத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அழுத்தம், குழாய் வழியாகக் காலிப்பருக்கு வருகிறது. அங்கே டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பிஸ்டன். ஒவ்வொன்றும் சுமார் 54 மில்லிமீட்டர் விட்டம். சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அழுத்தம் எழுந்தால் ஒரு பிஸ்டன் பேடைத் தள்ளும் விசை 1,300 கிலோவைத் தாண்டிவிடும்.

தள்ளுவது புரிகிறது. திரும்பி வருவது எப்படி? டிரம் பிரேக்கில் ஷூவை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் இருக்கிறது. இந்தக் காலிப்பரில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம். காலிப்பரின் உட்சுவரில் வெட்டிய காடிக்குள் உட்கார்ந்து பிஸ்டனைச் சுற்றிலும் இறுகப் பற்றியிருக்கும். உங்கள் முன்கைத் தோலில் ஒரு விரலை அழுத்தி லேசாக நகர்த்திப் பாருங்கள். தோல் விரலோடு கூடவே வரும். அழுத்தம் விட்டதும் விரலையும் இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பும். அதிகமாகத் தள்ளினால் விரல் வழுக்கிக்கொண்டு முன்னே போய்விடும். ரப்பர் வளையமும் அதையேதான் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது வளைந்துகொடுக்கிறது; அழுத்தம் விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னே இழுக்கிறது. இழுக்கும் தூரம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பேட் டிஸ்க்கை விட்டு விலக அது போதும். பேட் தேய்ந்து மெலிந்தால் பிஸ்டன் வளையத்துக்குள் சற்று வழுக்கி முன்னேறி, புது இடத்தில் நின்றுகொள்கிறது. ஆக, திரவம் கசியாமல் அடைப்பது, பிஸ்டனைத் திருப்பி இழுப்பது, தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்வது என மூன்று வேலைக்கும் ஒரே வளையம். பொறியியலில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதன் பகை தண்ணீர். பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. மேலேயுள்ள தொட்டியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. வண்டி ஓடினாலும் காலிப்பரிலுள்ள திரவம் சுழன்று வெளியே போவதில்லை. அங்கேயே தங்கிக் கிடக்கிறது. வெளிப்பக்கமோ, தூசு உறை வெடித்தால் மழை நீரும் குளிர்காலத்தில் ஐரோப்பியச் சாலைகளில் தூவும் உப்பும் பிஸ்டனைத் தேடி வரும். பிஸ்டன் எஃகுதான், மேலே மெல்லிய குரோமியப் பூச்சு. பூச்சில் ஊசிமுனைத் துளை ஒன்று போதும், துரு பிடித்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். காடிக்குள் வளையத்துக்குப் பின்னால் துரு சேர்ந்தால் வளையம் பிஸ்டனை நெரிக்கும். தினமும் ஓடும் வண்டியில் பிஸ்டன் அசைந்துகொண்டே இருப்பதால் இது சீக்கிரம் முற்றாது. ஆறு மாதம் அசையாமல் நின்ற வண்டியில் பிஸ்டன் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது.

ஈரம் செய்யும் இன்னொரு கெடுதல் மலைச்சாலையில்தான் தெரியும். டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். அங்கிருந்து பிராட் ஊர்ப் பக்கம் இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,800 மீட்டர் இறக்கம். 2 டன் வேன் அந்த இறக்கத்தில் இழக்கும் ஆற்றலைக் கொண்டு 100 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றின் தடையும் கீழ் கியரில் என்ஜினும் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்கில்தான் இறங்கும். திரவம் கொதித்தால் குமிழி பிறக்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இறக்கத்தின் நடுவே வண்டியை நிறுத்தியதும் காலிப்பருக்குள் சூடு இன்னும் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. காற்றோட்டம் நின்றுபோக, டிஸ்க்கின் வெப்பம் பேட் வழியாகத் திரவத்துக்குள் பாய்வதால் அப்படி ஆகிறது.

காலிப்பர் கெட்டதை வண்டியே சொல்லும். பிஸ்டன் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டால் பிரேக் போடும்போது வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், கருகல் வாடை வரும். இங்கே அவசரப்பட்டுக் காலிப்பரைக் குறை சொல்லிவிடக் கூடாது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, போன திரவத்தைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. சக்கரம் இறுகியிருக்கும்போது காற்றுக் குமிழியை வெளியேற்றக் காலிப்பரில் வைத்திருக்கும் ஏர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, பெரும்பாலும் ஹோஸில், விடுபடாவிட்டால் பிஸ்டன்தான்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? என் கட்சி பழுது பார்ப்பதுதான், அதற்கு அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் பிஸ்டன்மேல் இருப்பதால், உட்சுவர் அரித்தால் திரவம் கசியும். காலிப்பரில் ரப்பர் சுவரிலேயே அமர்ந்திருக்கிறது. வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டன் மட்டுமே. அதனால் வார்ப்பிரும்பு உடல் அழுக்காகத் தெரிந்தாலும் காடியைத் துருவின்றிச் சுத்தம் செய்து, புதுப் பிஸ்டனும் புது வளையமும் போட்டால் பழைய உடல் மறுபடி பல ஆண்டு உழைக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டன் கிடைத்தால் நல்லது. காடியே அரித்துப் போயிருந்தால், அல்லது நிப்பிள் உள்ளே ஒடிந்து மரை கெட்டிருந்தால், பிடிவாதம் பிடிக்காமல் மாற்றிவிட வேண்டும். எதைச் செய்தாலும் இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வேலையில் சில எச்சரிக்கைகள் உண்டு. அந்தக் காலத்து பேடுகளில் கல்நார் கலந்திருக்கலாம்; தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காற்றழுத்தத்தால் பிஸ்டனை வெளியேற்றும்போது எதிரே மரக்கட்டை இருக்க வேண்டும், விரல் இருக்கக் கூடாது. வளையத்தைப் புது பிரேக் ஆயிலில் நனைத்தே பொருத்துங்கள். என்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பட்டால் அந்த ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். இடது வலது மாறாமல் மாட்டுங்கள். ஏர் நிப்பிள் மேலே இருந்தால்தான் காற்றுக் குமிழி வெளியேறும். கீழே போய்விட்டால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

இதே ரப்பர் வளையம்தான் உங்கள் காரிலும் டிஸ்க் பிரேக் வைத்த மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. அங்கேயும் திரவம் ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வண்டி ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்தி வைக்கும் வண்டியாக இருந்தால் அவ்வப்போது எடுத்துக் கொஞ்ச தூரமாவது ஓட்டி, பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.